பழியை அந்தப் பிள்ளை மேல போடாதீங்க: கோயில் வெப்சைட் செத்ததுக்குக் காரணம் நாமதான்

ஜெலுத்தோங் வட்டார பக்தப் பெருமக்களுக்கும், நம்ம கோயிலுக்கு வந்து போற எல்லாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கோபம் வந்தா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தோம். நாலாம் படிவம் படிக்கிற தம்பி ஒருத்தன் தயங்கித் தயங்கி வந்து நின்னான். பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஒரு புரோஜெக்ட் செய்யணுமாம். "நம்ம கோயிலுக்கு ஒரு வெப்சைட் செய்யட்டுமா அங்கிள்?"னு கேட்டான். நாங்க பதில் சொல்றதுக்குள்ள, பக்கத்துல நின்ன நிர்வாகத்து அண்ணன் ஒருத்தர் முந்திக்கிட்டார். "வேணாம் தம்பி. முன்ன ஒரு பொண்ணு செய்றேன்னு வந்து, கோயில் பேரையே கெடுத்துட்டுப் போயிடுச்சு. பட்டது போதும்."

தம்பி முகம் சுருங்கிப் போச்சு. பிரசாதத்தை வாங்கிக்கிட்டு செருப்பு வைக்கிற பக்கம் போயிட்டான். அன்னைக்கு ராத்திரி எங்களுக்குச் சரியா தூக்கம் வரலை. ஏன்னா அந்த அண்ணன் சொன்னது பொய். அது பொய்னு தெரிஞ்சும் பதினஞ்சு வருசத்துக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருந்தவங்க நாங்க. இப்ப சொல்லிடறோம்.

2004ல நடந்த கதை இது. பாலிடெக்னிக்ல படிச்சுக்கிட்டிருந்த பொண்ணு. இங்க பிளாட்ல வளர்ந்த பிள்ளை, பாட்டி நம்ம கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்தவங்க. கடைசி செமஸ்டர் புரோஜெக்டுக்காக வந்து கேட்டுச்சு. நிர்வாகம் என்ன செஞ்சது? கடிதம் கொண்டு வான்னுச்சு. கொண்டு வந்துச்சு. தலைவர் ஊர்ல இல்லைன்னுச்சு. மூணு வாரம் அலைய விட்டோம். கடைசியில ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய போட்டோவை எடுத்துக் கொடுத்து, "தொலைச்சிடாதே"ன்னு மட்டும் சொன்னோம்.

அந்தப் பிள்ளை செஞ்ச வேலையை இன்னைக்கு நினைச்சாலும் ஆச்சரியமா இருக்கு. ஒவ்வொரு போட்டோவையும் ஸ்கேன் பண்ணுச்சு. துறைமுகத்துல மூட்டை தூக்கின தாத்தா ஒருத்தர் அப்ப உயிரோட இருந்தார். அவர் பக்கத்துல நாலு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, அத்தாப்புக் கொட்டகையா இருந்த காலத்துல இருந்து கோயில் கதையை அவர் பேச்சுலயே தமிழ்ல எழுதுச்சு. மொத்தம் ஏழு பக்கம். நீலப் பின்னணி, ஓரத்துல ஆடிக்கிட்டே இருக்கிற ஒரு விளக்குப் படம், கீழே எத்தனை பேர் பார்த்தாங்கன்னு காட்டுற எண். பார்க்க அழகா இருந்துச்சான்னு கேட்டா, இல்லை. முதல் வெப்சைட் யாருக்குத்தான் அழகா வந்திருக்கு?

அது நம்ம கோயிலுக்கு முதல் வெப்சைட். அந்தப் பொண்ணுக்கும் முதல் வெப்சைட். நாம என்ன சொன்னோம் ஞாபகம் இருக்கா? "என்னம்மா, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது"ன்னு சிரிச்சோம். எழுத்துருவை இறக்கிப் போட்டாத்தான் தமிழ் தெரியும்னு அது பொறுமையா விளக்குச்சு. "அதுக்கு இங்கிலீஷ்லயே போட்டிருக்கலாமே"ன்னோம். பொதுக்கூட்டத்துல பத்து நிமிசம் திரையில காட்டி, ஒரு பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக்கிட்டு அனுப்பிட்டோம்.

அதுக்கப்புறம் ஒருத்தர்கூட அந்தப் பக்கத்தைத் தொடலை. டொமேன் பேருக்கு வருசா வருசம் கட்ட வேண்டிய பணத்தை அந்தப் பொண்ணே தன் கைக்காசுல கட்டுச்சு. ரெண்டு தடவை கோயிலுக்கு எழுதிக் கேட்டுச்சு. நாங்க கேட்டு வச்சோம், பதில் போகலை. கல்யாணமாகி ஜொகூர் போனது. 2008ல கெடு முடிஞ்சது. பேரை வேற எவனோ வாங்கிட்டான். அந்த வருசத் திருவிழா நோட்டீஸ்ல நாம பழைய அச்சையே போட்டதால, அந்த முகவரி அப்படியே இருந்துச்சு. நோட்டீஸைப் பார்த்துத் தட்டின பக்தர்களுக்கு வந்தது சூதாட்ட விளம்பரம்.

அடுத்த பொதுக்கூட்டத்துல என்ன நடந்துச்சு? "அந்தப் பொண்ணு ஏமாத்திடுச்சு"ன்னு ஒருத்தர் எழுந்து பேசினார். யாரும் மறுக்கலை. நாங்களும் மறுக்கலை. சாமி சந்நிதியில உட்கார்ந்துக்கிட்டு, அங்க இல்லாத ஒரு பிள்ளை மேல பழி போட்டுட்டுக் கலைஞ்சோம். கைதட்டல் வேற.

கரண்டு பில்லை நாம கட்டாம விட்டு விளக்கு அணைஞ்சா, வயரிங் செஞ்ச ஆளைத் திட்டுவோமா?

நாங்க முப்பது வருசத்துக்கு மேல பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலையில வேலை பார்க்கிறவங்க. படிப்பு எஸ்பிஎம் வரைக்கும்தான். ஆனா ஒண்ணு நல்லா தெரியும். ஷிப்ட் முடிஞ்சா ஹேண்ட்ஓவர் கொடுக்காம யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எந்த மெஷின் என்ன நிலையில இருக்கு, எந்த லாட் பாதியில நிக்குது, எல்லாம் லாக் புக்ல இருக்கணும். ஒரு ஆபரேட்டர் வேலையை விட்டுப் போயிட்டா, அவரோட மெஷின் பாஸ்வர்டும் கூடவே போயிடுச்சுன்னு சொன்னா, ஆடிட்ல யாரைக் கேப்பாங்க? போன ஆபரேட்டரையா? சூப்பர்வைசரைத்தான் கேப்பாங்க. நிர்வாகம்னா அதுதான். 1972ல இண்டெல் இங்க வந்ததுல இருந்து உலகத்துக்கே சிப் செஞ்சு கொடுக்கிற தீவு இது. அந்த தீவுல, பாதிக் குடும்பம் பேக்டரியில வேலை பார்க்கிற ஒரு கோயில்ல, ஒரு வெப்சைட்டுக்கு ஹேண்ட்ஓவர் இல்லை.

"இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை.

உலகத்தோட முதல் வெப்சைட் 1991ல சுவிட்சர்லாந்துல இருக்கிற செர்ன் ஆராய்ச்சி நிலையத்துல வந்தது. செஞ்சவர் டிம் பெர்னர்ஸ் லீ. 1993 ஏப்ரல்ல செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யாருக்கும் காசு இல்லாம திறந்து விட்டுச்சு. அதனாலதான் இன்னைக்கு நாலாம் படிவத்துப் பையன்கூட ஒரு வெப்சைட் செய்ய முடியுது. அதே செர்ன் வளாகத்துலதான் 2004ல இருந்து இந்திய அரசாங்கம் கொடுத்த நடராஜர் சிலை ரெண்டு மீட்டர் உயரத்துல நிக்குது. கம்ப்யூட்டருக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிறவங்க அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க. ஆனா சொல்ல வந்தது வேற. உலகத்துல முதன்முதலா வந்த அந்தப் பக்கத்தோட 1991 நகலை அவங்களே பத்திரப்படுத்தலை. 2013ல செர்ன் அதைத் தேடி மீட்க ஒரு திட்டமே தொடங்குச்சு. தொடங்கினப்ப அவங்க கைக்குக் கிடைச்சதுல பழசு 1992 நகல்தான். அவ்வளவு பெரிய விஞ்ஞானிகளுக்கே இந்த நிலைமைன்னா, பிஸ்கட் டின்ல போட்டோ வச்சிருக்கிற நாம எவ்வளவு கவனமா இருக்கணும்?

இன்னொரு கதை பக்கத்து நாட்டுக் கதை. நம்ம தமிழ் இன்டர்நெட்டுல ஏறினது சென்னையிலன்னு நினைக்கிறோம். வழி திறந்தது சிங்கப்பூர்ல, தமிழ் வாத்தியார் ஒருத்தர் கையில. நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர் பயிற்சிக் கழக விரிவுரையாளர். 1995 அக்டோபர்ல சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியில ஒரு இணையதளமா போட்டாங்க. அதிபர் ஓங் டெங் சியோங் திறந்து வச்சார். அதுல தமிழும் ஒரு மொழி. தமிழை ஏத்த கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல டான் டின் வீ குழுவோட சேர்ந்து வேலை செஞ்சார். கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிட்டு வந்த ஆள் இல்லை அவர். தேவைன்னு பட்டுச்சு, கத்துக்கிட்டார். இணையம்ங்கிற சொல்லையே அவர்தான் கொடுத்தார்னு கணினித் தமிழ்க்காரங்க சொல்வாங்க. 1997ல ஆளுக்கொரு எழுத்துமுறை வச்சிருந்தவங்களை எல்லாம் சிங்கப்பூருக்கு வரவச்சு மாநாடு நடத்தினார். 1999ல 53 வயசுல காலமாயிட்டார். நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1980கள்ல இருந்தே முரசு மென்பொருளைச் செஞ்சவர். ஆப்பிள் கம்ப்யூட்டர்ல வர்ற இணைமதி எழுத்து அவர் கைவேலை.

ஆக, அந்தப் பொண்ணு 2004ல தமிழ்ல எழுதினேன்னு பிடிவாதம் பிடிச்சது இந்த வரிசையில வந்த வேலை. நாம அதைப் பார்த்துத்தான் "கட்டம் கட்டமா தெரியுது"ன்னு சிரிச்சோம்.

இப்ப நிர்வாகத்துல சொல்ற சாக்குகளுக்கு வருவோம்.

முதல் சாக்கு: "வாட்ஸ்அப் குரூப் இருக்கே, பேஸ்புக் இருக்கே, வெப்சைட் எதுக்கு?" வாட்ஸ்அப்ல நேத்து போட்டதை இன்னைக்குத் தேடினா கிடைக்குதா? காலை வணக்கம் படம் நூறு வந்து மூடிடுது. பேஸ்புக் யாரோட இடம்? நம்ம இடமா? பிரண்ட்ஸ்டர் ஞாபகம் இருக்கா? நம்ம பசங்க எல்லாம் அதுலதான் கிடந்தாங்க. 2009 கடைசியில ஒரு மலேசிய நிறுவனமே அதை வாங்குச்சு. 2011ல விளையாட்டுத் தளமா மாத்துறோம்னு சொல்லி, பழைய போட்டோ, எழுத்து எல்லாத்தையும் அழிச்சாங்க. ஜியோசிட்டீஸ்னு ஒண்ணு இருந்துச்சு. உலகம் பூரா மாணவர்கள் தங்களோட முதல் வெப்சைட்டை இலவசமா கட்டின இடம். 2009 அக்டோபர்ல மூடிட்டாங்க. வாடகை வீட்டுல மூலஸ்தானம் கட்டுவோமா? இந்தப் பதிவையே நாங்க பேஸ்புக்லதானே போடறோம்னு கேப்பீங்க. ஆமா. அறிவிப்புக்கு இது சரி. நோட்டீஸ் ஒட்டுற சுவர் வேற, கல்வெட்டு வேற.

ரெண்டாவது சாக்கு: "பசங்க செய்றது நிலைக்காது. புரோஜெக்ட் மார்க் வாங்கினதும் போயிடுவாங்க." போகத்தான் செய்வாங்க. போகணும். படிச்சு, வேலைக்குப் போயி, குடும்பம் நடத்தணும். கோபுரம் கட்டின ஸ்தபதி இங்கேயே தங்கிட்டாரா? கட்டிக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிட்டார். கோபுரத்தைப் பராமரிக்கிறது யார் பொறுப்பு? கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு வருசம்னு கணக்கு வச்சிருக்கோமே, எதுக்கு? எதைக் கட்டினாலும் புதுப்பிக்கணும்னு நம்ம பெரியவங்களுக்குத் தெரியும். வெப்சைட்டுக்கு அதே விதிதான், பன்னிரண்டுக்குப் பதிலா ஒரு வருசம்.

மூணாவது சாக்கு: "பணம் எங்க இருக்கு?" ஒரு டொமேன் பேருக்கு வருசத்துக்கு ஆகுறது ஒரு ஜோடி நல்ல மாலைக்கு ஆகுற காசுதான். இதுக்கு மேல இதைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை.

நாலாவது சாக்குதான் எங்களுக்கு ரொம்ப வலிக்குது: "இது சாமி காரியம் இல்லை." அப்பர் சுவாமி கையில உழவாரப்படை இருக்கே, பார்த்திருக்கீங்களா? புல்லும் முள்ளும் செதுக்கி, அடுத்தவன் கால் வைக்க வழி பண்ணின கருவி. பக்தன் வர்றதுக்கு வழி பண்றது உழவாரப்பணின்னா, எங்க கோயில், எத்தனை மணிக்கு நடை திறக்கும், எப்படி வந்தது இந்தக் கோயில்னு தேடுற ஒரு வாலிபனுக்கு வழி பண்றதும் அதுதான்.

தேவாரம் கிடைச்ச கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஏடுகள் சிதம்பரத்துல ஒரு அறையில பூட்டிக் கிடந்துச்சு. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்டப்ப, பாடின மூவரும் வந்தாத்தான் கதவு திறக்கும்னாங்க. மூவரும் எப்பவோ முக்தியாயிட்டாங்க. மன்னர் அவங்க திருவுருவங்களை எழுந்தருளச் செஞ்சு கதவைத் திறக்க வச்சார். உள்ள பார்த்தா கறையான் தின்னது போக மிச்சம். இன்னைக்கு நாம பாடுறது அந்த மிச்சம். இந்தக் கதையை உபன்யாசத்துல கேட்டுக் கண்ணீர் விடறோம். பாஸ்வர்டு தெரிஞ்ச ஆள் ஜொகூர்ல, கோயில் கதை பூட்டின அறையில. ஒரு போன் போட்டுக் கேக்க நமக்குத் தோணலை. நாம வேற என்ன செஞ்சிட்டோம்?

கறையானுக்குப் பதிலா நமக்குத் தண்ணி வந்துச்சு. 2017 நவம்பர் வெள்ளத்தை ஜெலுத்தோங்ல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஸ்டோர்ல கீழ்த்தட்டுல இருந்த பிஸ்கட் டின் மூழ்கிப் போச்சு. போட்டோ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கூழாயிடுச்சு. தாத்தா அதுக்கு ஆறு வருசம் முன்னாடியே தவறிட்டார். இப்ப கும்பாபிஷேக மலர் போடணும், கோயில் வரலாறு வேணும்னு ஆறு மாசமா கூட்டம் போடறோம். எழுத ஒரு வரி இல்லை.

இனிமே சொல்லப் போறதைக் கவனமா படிங்க.

வெள்ளிக்கிழமை "வேணாம்"னு சொல்லி அனுப்பின அந்தத் தம்பியை ஞாயித்துக்கிழமை நாங்க கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். பழைய திருவிழா நோட்டீஸ் ஒண்ணு எங்க வீட்டுல இருந்துச்சு. அதுல இருந்த முகவரியை அவன் போன்ல தட்டினான். இன்டர்நெட் ஆர்க்கைவ்னு ஒண்ணு இருக்காம். 1996ல இருந்து உலகத்துல உள்ள வெப்சைட் பக்கங்களை நகல் எடுத்து வைக்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு. அதுல தேடினான். நம்ம கோயில் பக்கம் வந்துச்சு! ஏழுல மூணு பக்கம். போட்டோ இருந்த இடமெல்லாம் காலிக் கட்டம். எழுத்து என்னமோ கிறுக்கலா, இங்கிலீஷும் குறியீடுமா கலந்து வந்துச்சு. அது திஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்துமுறையாம். அதை யூனிகோடுக்கு மாத்துற கருவியில போட்டான். அரை மணி நேரத்துல தாத்தா பேச ஆரம்பிச்சிட்டார்.

வாரா வாரம் ஆளுக்குப் பத்து காசு சேர்த்த கதை. கொட்டகைக்குத் தகரம் தூக்கி வந்தவங்க பேர். முக்கியமா ஒண்ணு: ராத்திரியில வேலை முடிஞ்சு வந்து வாளியில மணல் சுமந்த பதினோரு பெண்களோட பேர். நம்ம கோயில் பளிங்குக் கல்வெட்டுல பணம் கொடுத்தவங்க பேர் எல்லாம் இருக்கு. டியூப் லைட்டுலகூட வெளிச்சம் வராத அளவுக்கு உபயம்னு பேர் எழுதி வச்சிருக்கோம். மணல் சுமந்த அந்தப் பதினோரு பேர் எங்கேயும் இல்லை. அந்தப் பொண்ணு ஒருத்திதான் கேட்டு எழுதி வச்சிருந்துச்சு. எங்கள்ல ஒருத்தரோட அம்மா பேரும் அதுல இருக்கு. அம்மா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

எந்தப் பிள்ளையை ஏமாத்துக்காரின்னு கூட்டத்துல சொன்னோமோ, அந்தப் பிள்ளையோட வேலைதான் நம்ம வரலாற்றைக் காப்பாத்தி வச்சிருக்கு. எந்தத் தம்பியை விரட்டினோமோ, அவன்தான் அதைத் திறந்து கொடுத்தான். இதுக்கு மேல சாமி வந்து நமக்கு என்ன சொல்லணும்?

வர்ற பொதுக்கூட்டத்துல நாங்க வைக்கப் போற கோரிக்கைகள் இவை. இப்பவே சொல்லிடறோம், திடீர்னு வந்து கலாட்டா பண்ணிட்டாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது.

1. 2004ல வெப்சைட் செஞ்ச பெண்மணியைப் பத்திப் பேசின பேச்சை நிர்வாகம் திரும்பப் பெறணும். குறிப்பேட்டுல எழுதணும். அவங்க கட்டின பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கணும். அவங்ககிட்ட ஸ்கேன் பண்ணின போட்டோ ஏதாவது மிச்சமிருக்கான்னு மரியாதையா கேக்கணும்.

2. புது டொமேன் கோயில் பேர்ல, கோயில் மின்னஞ்சல்ல பதிவாகணும். எந்தத் தனி ஆள் பேர்லயும் வேணாம், எங்க பேர்லயும் வேணாம். பாஸ்வர்டு ரெண்டு பொறுப்பாளர்கிட்ட இருக்கணும். ஒரு நகல் உறையில போட்டு ஒட்டி, நகைப் பட்டியல் வைக்கிற பெட்டியில இருக்கணும். பொறுப்பு மாறினா பாஸ்வர்டும் மாறணும்.

3. வருடாந்திரக் கணக்குல கரண்டு, தண்ணிக்கு அடுத்த வரியில இந்தச் செலவும் வரணும்.

4. தமிழ்ல முதல்ல, யூனிகோடுல. அதுக்குக் கீழே மலாய், ஆங்கிலம். தேசியப் பள்ளியில படிச்சதால தமிழ் வாசிக்கத் தெரியாத நம்ம பிள்ளைகளும் நம்ம பிள்ளைகள்தான்.

5. எழுத்து, போட்டோ எல்லாம் மூணு இடத்துல நகல் இருக்கணும். ஒண்ணு தீவுக்கு வெளியே. வெள்ளம் திரும்ப வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

6. அந்தத் தம்பிதான் செய்யணும். கூட ரெண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கட்டும். தப்பு வரும், வரட்டும். காசு கொடுத்துக் கம்பெனியில செய்யலாமேன்னு ஒருத்தர் ஏற்கனவே கேட்டாச்சு. கம்பெனி அழகா செய்யும். ஆனா தாத்தா பாட்டி பக்கத்துல நாலு ஞாயித்துக்கிழமை உட்காராது.

7. செஞ்ச பிள்ளைகளோட பேர், அவங்களும் பெற்றோரும் சம்மதிச்சா, பக்கத்தோட அடியில உபயம்னு போடணும்.

8. அந்தப் பதினோரு பெண்களோட பேர் கும்பாபிஷேக மலர்ல வரணும். கல்வெட்டுலயும் வரணும்.

நிர்வாகத்து அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. உங்க மேல எங்களுக்குப் பகை இல்லை. திருவிழாவுக்கு நீங்க கண் முழிச்சு உழைக்கிறதைப் பக்கத்துல இருந்து பார்க்கிறவங்க நாங்க. ஆனா கோயில் சொத்துன்னா நகையும் நிலமும் உண்டியலும் மட்டும்னு நினைக்கிறீங்க. பெரியவங்க ஞாபகமும் பிள்ளைகளோட உழைப்பும் சொத்துதான். அதைப் பூட்டி வைக்கத் தவறினது நீங்க மட்டும் இல்லை, நாங்களும்தான்.

பக்தர்கள் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறோம். வீட்டுல எழுபது வயசுக்கு மேல யாராவது இருந்தா, பழைய கோயில் போட்டோ ஒண்ணாவது இருந்தா, வர்ற ஞாயித்துக்கிழமை காலை பூஜைக்கு அப்புறம் மண்டபத்துக்கு வாங்க. போட்டோவை அங்கேயே ஸ்கேன் பண்ணி உங்க கையிலயே திருப்பிக் கொடுத்துடுவோம். தம்பி அவன் லேப்டாப்போட உட்கார்ந்திருப்பான். பெரியவங்களுக்கு நாற்காலி, காப்பி எல்லாம் எங்க பொறுப்பு.

அவனை யாராவது "எதுக்குடா இதெல்லாம்"னு கேட்டீங்கன்னா, நாங்க பக்கத்துலயேதான் நிப்போம். இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள், ஜெலுத்தோங்